கான் வரிசை

அந்தக் கடதாசி கலைப்பீடத்து அறிவித்தல் பலகையில் ஒரு கிழமையாகத் தொங்கியிருக்கிறது. இரத்ததான முகாம் அறிவித்தல் பாதிக்கு மேல் ஏறிக் கிடந்ததால் ‘மாணவர் தலைமைத்துவம்’ என்ற இரண்டு சொல் மட்டும்தான் வெளியே தெரிந்தது. கடைசித் திகதிக்கு 12 நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் காற்று மேல் தாளைத் தூக்கிக் கொடுத்தது. மிச்சத்தையும் நின்று வாசித்தேன்.

அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் காசு கொடுத்து நடத்திய திட்டம். ‘ஸ்ரடி ஒவ் த யூ.எஸ். இன்ஸ்ரிடியூட்ஸ்’ என்று முழுப்பெயரைச் சொல்லி யாரும் மூச்சு வாங்குவதில்லை, சூசி என்பார்கள். 18 முதல் 25 வயது வரையான பல்கலைக்கழக மாணவர்களை ஐந்தாறு கிழமைக்கு அங்கே கூப்பிடுவார்கள். நாலு கிழமையளவு ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பு, பிறகு நாட்டின் வேறொரு மூலைக்குப் பயணம், முடிவில் வாஷிங்டன். பிளேன் ரிக்கெற், தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, கைச்செலவு எல்லாம் அவர்களுடையது. அமெரிக்கா போய் வந்தவர்களைவிடப் போகாதவர்களுக்கு முன்னுரிமை என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரியில்தான் நான் விழுந்தேன். அதுவரை கொழும்புக்கே இரண்டு தரம்தான் போயிருக்கிறேன். போகாமல் இருந்ததற்கு ஒரு போட்டி வைத்தால் என்னை வெல்ல ஆளில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனேன். அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நான் சொல்லச் சொல்ல அவவின் சுளகு நிற்கவில்லை.

“என்னத்துக்குக் கூப்பிடுகினம்?”

“தலைமைத்துவம் படிக்க.”

சுளகு நின்றது.

வெளியூர் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். வன்னியில் வளர்ந்த எங்களுக்கு ‘தலைவர்’ என்றால் ஒரே ஓர் ஆள்தான். எந்தத் தலைவர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2009 வைகாசியில் போர் முடிந்த பிறகு அந்தச் சொல்லைத் தனியே சொல்லும் பழக்கம் வீட்டில் நின்றுபோனது. சங்கத் தலைவர், மாணவர் தலைவர் என்று முன்னால் ஏதாவது ஒட்டினால்தான் வாயில் வரும். அந்த ஒட்டு இல்லாமல் நான் சொன்ன சொல்லின் பாதியில் அம்மா வேறெதையோ கேட்டிருக்க வேணும்.

அவவுக்கு வாழ்க்கையைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போதும் சொல்வா, கம்பஸுக்கு அனுப்பும்போதும் சொன்னா. “முன்னுக்கும் நிக்காதை, கடைசியிலையும் நிக்காதை. நடுவிலை நில்.” வரிசையில் முதலாவதாக நிற்கிறவனைக் கூப்பிட்டுக் கொண்டுபோவார்கள், கடைசியில் நிற்கிறவனுக்குச் சாமான் முடிந்துவிடும். புத்தகத்தில் வாசித்துச் சொன்னதில்லை அது. நடுவில் நின்றே எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவ. அவவின் பிள்ளையிடம் இப்போது ஒரு ஃபோம் கேட்கிறது: நீ முன்னுக்கு நின்ற ஒரு சந்தர்ப்பத்தை விபரி.

“உது படிப்பு அம்மா. அரசியல் இல்லை.”

“படிப்பெண்டாச் சரி,” என்று மறுபடி புடைக்கத் தொடங்கினா. “பேர் விலாசத்தைச் சரியா எழுது.”

பெயர் விலாசம் எழுத ஐந்து நிமிஷம் போதும். கட்டுரைதான் இழுத்தது. முதலில் தமிழில் எழுதிப் பிறகு இங்கிலிஷுக்கு மாற்றுவோம் என்று றூமில் கட்டிலுக்குக் கீழே குந்தியிருந்து எழுதினேன். சிரமதானம் செய்தோம். சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுத்தோம். வெள்ளம் வந்தபோது சாப்பாட்டுப் பார்சல் கட்டினோம். எழுதினதை றூம்மேற் வாங்கி வாசித்தாள். அவள் மானிப்பாய்க்காரி, இங்கிலிஷ் நல்லாக வரும்.

“உதிலை நீ எங்கையடி?”

“இருக்கிறன்தானே, ‘செய்தோம்’ எண்டு.”

“அவங்களுக்கு ‘ஓம்’ வேண்டாம், ‘ஏன்’தான் வேணும்.”

‘செய்தேன்’ என்பதன் வால் அது. தமிழில் ‘நான்’ என்று எழுதாமலே ஒரு பக்கம் எழுதிவிடலாம். வினைச்சொல்லின் வாலுக்குள் ஒளிந்துகொண்டால் யாரும் தேடிப் பிடிக்க மாட்டார்கள். இங்கிலிஷில் அந்த ஒளிப்பிடம் இல்லை. ஒவ்வொரு வசனத்தின் வாசலிலும் ‘ஐ’ என்று ஒற்றைத் தூணாக நட்டு வைக்க வேணும். நான் நட்டுப் பார்த்தேன். பத்து வரிக்குள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பவுடர் போடுகிறவள் மாதிரித் தெரிந்தது. வெட்கத்தில் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

றூம்மேற் என்னைத் தேற்றிய விதத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். “அவை 1816 இலையே இஞ்ச வந்திட்டினம். நாங்கள் இப்பதான் திருப்பிப் போக ஃபோம் நிரப்பிறம். ஒரு கிழமை பிந்தினாக் குறைஞ்சு போகமாட்டாய்.” அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து இறங்கிய வருஷம் அது. 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியவர்கள் அவர்கள்தான். அவளுடைய ஊரில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, தமிழிலேயே மருத்துவப் புத்தகங்களும் ஆக்கிய கிறீன் வைத்தியரும் அந்த வழியில் வந்தவர். மானிப்பாய்ச் சனத்துக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

இதற்குள் சிபாரிசுக் கடிதத்துக்கு அலைந்தேன். ஒரு விரிவுரையாளரிடம் போய் நின்றேன். நல்ல மனிதர்தான், மேசை முழுக்க விடைத்தாள். “நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் பாத்துக் கையெழுத்து வைக்கிறன்” என்றார். இந்த வழக்கத்தைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் திட்டியிருப்பேன், அன்றிரவு அதை எழுதப் போகாமல் இருந்திருந்தால். ‘இம்மாணவி’ என்று தொடங்கியதும் கை தானாக ஓடியது. இம்மாணவி பொறுப்புள்ளவர், இம்மாணவி கஷ்டத்திலும் மற்றவர்களை ஒழுங்குபடுத்தக்கூடியவர், இம்மாணவி சிறுவயதிலேயே முகாமில்… அந்த இடத்தில் பேனை நின்றது. முகாமில் என்ன? என் கட்டுரை வேறொருத்தியின் குரலில் வந்து என் முன்னால் நின்றது.

எனக்கு அப்போது 12 வயது. செட்டிகுளம் மெனிக் பாம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனத்தைக் காடு வெட்டின நிலத்தில் தறப்பாள் கொட்டில்களுக்குள் விட்டிருந்தார்கள். வலயங்களுக்குத் தமிழ்ப் பெரியவர்களின் பெயர்: கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். நாங்கள் இராமநாதன் முகாம். அந்தப் பெயர் வைத்தவர் பகிடியாக வைத்தாரா, மரியாதைக்கு வைத்தாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1905 இலேயே அமெரிக்கா போய் ஊரூராகச் சொற்பொழிவு செய்தவர். ஆனந்த குமாரசுவாமி 1917 முதல் பொஸ்டன் நூதனசாலையில் வேலை பார்த்து அந்த நாட்டிலேயே கண்மூடியவர். முள்ளுக்கம்பிக்குப் பெயர் கொடுத்தவர்களில் இரண்டு பேராவது அமெரிக்கா கண்டவர்கள். அங்கேயிருந்து நான் படிக்க வந்த யாழ்ப்பாணக் கம்பஸும் இராமநாதன் 1921 இல் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் 1974 இல் தொடங்கியது. வெளியே ஓடுகிற வீதிக்கும் அவர் பெயர். எங்கே போனாலும் மனுஷன் வாசலில் நிற்கிறார்.

முகாமில் சாப்பாட்டைவிடப் பெரிய சண்டை தண்ணீருக்குத்தான். பவுசர் வந்து கறுப்பு ராங்கில் ஊற்றிவிட்டுப் போகும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் ஆட்கள் நிற்க ஏலாது என்பதால் கான்கள்தான் வரிசையில் நிற்கும். மஞ்சள் எண்ணெய்க் கான், வெள்ளைக் கான், மூடியில்லாத கான், வாய் வெட்டின கான். ஆள் தறப்பாளுக்குள் படுத்திருக்கும். அவருடைய இடத்தைக் கான் பிடித்து வைத்திருக்கும். பவுசரின் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடிவருவார்கள். அங்கேதான் பிசகு. எல்லா மஞ்சள் கானும் ஒரே மஞ்சள். “உது என்ரை” என்று ஒருத்தர், “கண்ணில்லையோ, என்ரை” என்று இன்னொருத்தர். கரியால் நம்பர் எழுதினால் முதல் தண்ணீரிலேயே கழுவுண்டு போகும். ஒருநாள் இரண்டு பெரிய மனுஷர், ஊரில் கோயில் தர்மகர்த்தாக்களாக இருந்தவர்கள், ஒரு கானின் இரண்டு காதையும் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். கான் கிழியவில்லை. அவர்களுடைய முகம்தான் வேறு மாதிரிப் போனது.

பிறகு கான்களுக்குச் சீலைத் துண்டு கட்டினோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு முடிச்சு, ஒரு கரை. சிவப்புக் கரை ஒற்றை முடிச்சு, சிவப்புக் கரை இரட்டை முடிச்சு, பச்சை, வாடாமல்லி என்று எங்கள் வரிசையில் ஏறக்குறைய நாப்பது வீடு. பவுசர் வந்ததும் நான் ஒரு கல்லில் ஏறி நின்று, “பச்சை இரட்டை! வாடாமல்லி ஒத்தை!” என்று கத்துவேன். கத்துகிற ஒழுங்கில் வந்து பிடிப்பார்கள். சண்டை முற்றாக நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. தர்மகர்த்தாக்களில் ஒருவர் “பச்சை ஒத்தை நான், பிள்ளை” என்று கை தூக்கிக்கொண்டு வருவார். 2010 தொடக்கத்தில் எங்களை விடும்வரை கத்தினேன்.

கட்டுரையில் இதை இங்கிலிஷில் எழுதினேன். பிரச்சினையை நான் கண்டேன், ஒரு முறையை நான் உண்டாக்கினேன், நாப்பது குடும்பத்தை நான் ஒழுங்குபடுத்தினேன். மூன்று தூண். றூம்மேற் வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் தலையைத் தடவினாள். திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷனில் ஸ்கான் பண்ணி, கடைசி நாள் இரவு எட்டு மணிக்கு அனுப்பினோம். கடைக்காரத் தம்பி பக்கத்துக்குப் பத்து ரூபா வாங்கினான், கட்டுரைத் தாளுக்கு மட்டும் வாங்கவில்லை. வாசித்திருப்பான் போல.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டு மெயில் வந்ததும் பாஸ்போட் எடுக்க வவுனியாவுக்குப் போனோம். பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம். ஓமந்தை தாண்டும்போது கேட்டா, “அந்தக் கட்டுரையிலை என்ன எழுதினனி?”

வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது ‘நான்’ எல்லாம் தமிழில் இன்னும் பெரிதாகக் கேட்டது. அம்மா கடைசிவரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் சொன்னா:

“சீலை என்ரை. கலியாணத்துக்குப் பிறகு கொப்பர் எடுத்துத் தந்த வாடாமல்லியும் அதுக்குள்ளை போச்சு. யோசனை பக்கத்துத் தறப்பாள் பிள்ளையின்ரை. நீ கத்தினனி.”

“ஓம்.”

“நல்லாத்தான் கத்தினனி,” என்றா, கொஞ்சம் பொறுத்து.

வவுனியா பஸ் நிலையத்தில் செட்டிகுளம் போகிற பஸ் வெளிக்கிட நின்றது. கொண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். அம்மா என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் பாராமல் நடந்தா. நானும் பார்க்கவில்லை. விரல் அடையாளம் வைத்து, ரசீது வாங்கி, ஒரு கடையில் தோசை சாப்பிட்டுத் திரும்பினோம்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. பக்கத்துத் தறப்பாள் அக்கா இப்போது நோர்வேயில், இரண்டு பிள்ளைக்குத் தாய். வைபரில் எடுத்து விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவ சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

“அது என்ரை யோசனை இல்லையடி. அங்காலை ஒரு ஐயா இருந்தவர், பெரிய மாட்டுப் பட்டி வைச்சிருந்தவர். எல்லா மாடும் ஒரே மாதிரி இருந்தா என்னண்டு ஐயா பிடிப்பியள் எண்டு கேட்டன். குறி இருந்தா மாடு தன்ரை வீட்டுக்குப் போகும் எண்டார். அதைத்தான் நான் கானுக்குச் சொன்னனான்.”

அந்த ஐயாவைத் தேடிப் பிடித்திருந்தால் அவர் தன் தகப்பனைக் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் முகாமை விட்டு உயிரோடு வெளியே வரவில்லை என்று அக்கா சொன்னா.

நேர்முகத்துக்காகக் கொழும்புக்கு இரவு பஸ். விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கி, சொந்தக்கார வீட்டில் முகம் கழுவிச் சீலை மாற்றினேன். அம்மா காலி வீதியில் ஒரு கடை வாசலில் இருந்துகொண்டா, நான் தூதரகத்துக்கு உள்ளே போனேன். போனை வாசலில் வாங்கி வைத்தார்கள். குளிரூட்டின அறை, நீள மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர். என் இங்கிலிஷ் முதல் இரண்டு கேள்விக்கு ஒழுங்காக ஓடியது. என்ன படிக்கிறாய், ஏன் போக விரும்புகிறாய். அதற்குரிய பதில் எல்லாம் பஸ்ஸிலேயே பாடமாக்கியாயிற்று. பிறகு நடுவில் இருந்தவர் என் கட்டுரையை எடுத்தார்.

“நீங்கள் அங்கே இருந்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும்?”

நல்ல கேள்வி. அதற்குப் பாடமாக்கின பதில் என்னிடம் இல்லை. சீலை அம்மாவினது, யோசனை அக்காவினது, அக்காவுக்கு அது மாட்டுக்கார ஐயாவினது, நான் கத்தினேன், நான் இல்லாவிட்டால் வேறொரு பிள்ளை கத்தியிருக்கும் என்று சொன்னேன். ‘ஐ’ என்று ஒரு தரம்தான் வந்தது, அதுவும் கத்தினதற்கு. ஓரத்தில் இருந்த பெண் குனிந்து எதையோ எழுதினா. நடுவில் இருந்தவர் கேட்டார், “ஏன் உங்களைக் கத்த விட்டார்கள்?”

“என்ரை குரல் பெரிசு,” என்றேன். அது மட்டும் தமிழில் வந்துவிட்டது. ஓரத்துப் பெண் தமிழ் தெரிந்தவ. சிரித்துவிட்டு மற்ற இருவருக்கும் மொழிபெயர்த்தா.

வெளியே வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். பிழைத்துப் போச்சோ என்று அவ கேட்கவில்லை. கொண்டுவந்த சோடாப் போத்தலை நீட்டினா.

முடிவு வர இரண்டு மாதமாயிற்று. சனிக்கிழமை, வீட்டில் நின்றேன். மெயிலை மூன்று தரம் வாசித்தேன். தெரிவு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மாற்றுத் தெரிவு. தெரிவானவர்களில் யாராவது போகாமல் விட்டால் அந்த இடத்துக்குக் கூப்பிடுவார்கள். பாஸ்போட்டைத் தயாராக வைத்திருக்கவும். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன்.

“மாற்றுத் தெரிவு எண்டா என்ன?”

விளங்கப்படுத்தினேன். போகிற ஆட்கள் இருக்கினம், அவையில் ஒருத்தர் விட்டால் நான்.

அம்மா சவர்க்கார நுரையை வழித்துப்போட்டு நிமிர்ந்தா. “அப்ப உன்ரை கான் வரிசையிலை நிக்குது.”

“ஓம்.”

“ஆள் வெயிலுக்கை நிக்கத் தேவையில்லை. போய்ப் படி.”

படித்தேன். பரீட்சை வந்து போனது. போன் அடிக்கும்போதெல்லாம் கொழும்பு நம்பரோ என்று பார்த்தேன். ரீலோட் கொம்பனியும் லோன் கொடுக்கிற பெண்ணும்தான். யாரும் விடவில்லை. ஏன் விடப்போகிறார்கள், நானென்றாலும் விடமாட்டேன். அந்த வருஷக் கூட்டம் வெளிக்கிட்ட கிழமை, றூம்மேற் ஒரு படத்தைக் காட்டினாள். விமான நிலையத்தில் கொஞ்சப் பேர் ஒரே மாதிரி ரீசேட்டில் வரிசையாக. அன்றிரவு வீட்டுக்கு எடுத்தேன்.

“அம்மா, பவுசர் வெளிக்கிட்டிட்டுது.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. கிணற்றுக் கப்பி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. அப்பா தண்ணி அள்ளுகிறார் போல.

“அடுத்தது எப்பவாம்?” என்று கேட்டா அம்மா.